புதுப்பிப்பு: 169.254 முகவரிச் சிக்கல் தீர்ந்தது

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் பிரத்தியேக வகுப்பின் கணினி, ரூட்டரிடமிருந்து தானாக ஐபி முகவரி (வலையமைப்பில் கருவியைக் குறிக்கும் எண்) பெறாமல், அது கிடைக்காதபோது கணினி தானே இட்டுக்கொள்ளும் 169.254 என்று தொடங்கும் முகவரியிலேயே நிற்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கம்பியை மாற்றியும் வலையட்டையின் இயக்கியை (டிரைவர் மென்பொருளை) மீண்டும் நிறுவியும் பயனில்லை. 192.168.0.50 என்று கையால் இட்டதும் இணையம் வந்ததால், கம்பியிலும் வலையட்டையிலும் பழுதில்லை என்பது உறுதியாயிற்று. ரூட்டர் வழங்கிய முகவரிகளை எண்ணிப் பார்க்கச் சொன்ன ஓர் ஐயாவின் யோசனைதான் பலித்தது: ரூட்டர் தானாக வழங்க வைத்திருந்த, கடைசி எண் 100 முதல் 119 வரையிலான 20 முகவரிகளும் தீர்ந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் தவணை (ஒரு கருவிக்கு ஒதுக்கப்படும் காலம்) 7 நாள் என்பதால், பள்ளி விடுமுறையில் அணைத்து வைத்திருந்த எங்கள் கணினியின் பழைய முகவரி வேறொரு கருவிக்குப் போய்விட்டது.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. ரூட்டர் இரண்டு அலைவரிசைகளையும் இரு பெயர்களில் ஒலிபரப்புகிறது. இக்காலக் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுவதால், இரு பெயர்களிலும் இணைந்த ஒரே மாணவரின் கைப்பேசி இரண்டு இடங்களைப் பிடித்திருந்தது.

வரம்பை 199 வரை நீட்டி, தவணையை 2 மணி நேரமாகக் குறைத்து, ரூட்டரை மறுதொடக்கம் செய்தேன். பிறகு கணினியில் கையால் இட்ட முகவரியை நீக்கி, தானியங்கி முறைக்கு மாற்றியதும் உடனே 192.168.0.104 கிடைத்தது, ஐந்து நாளாகத் தடங்கல் இல்லை.