அரிசியில் ஓயாத வண்டு: வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அரிசி டப்பாவை வண்டு விடமாட்டேன் என்கிறது.

தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) வாங்கும் 10 கிலோ பொன்னிப் புழுங்கல். மூட்டை பிரித்து ஒரு மாதம் ஆவதற்குள் ஆரம்பித்துவிடும். நீள மூக்குள்ள சின்னக் கருப்பு வண்டுதான்; அந்துப்பூச்சி இல்லை, நூலாம்படை கிடையாது. அடியில் வெள்ளை மாவு, அரிசியில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பக்கத்திலேயே இருக்கும் துவரம்பருப்பில் ஒன்றுமில்லை!

டப்பா பிளாஸ்டிக், நாலு பக்கமும் க்ளிப் மூடி, ரப்பர் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்துத்தான் நிரப்புகிறேன். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய், கிராம்பு எல்லாம் போட்டாயிற்று. சோறு கிராம்பு வாசம் அடித்ததுதான் மிச்சம். வெயிலில் பரப்பலாம் என்றால் மதியமே மழை கொட்டுகிறது. கடையை மாற்றியும் பார்த்தேன், அதே கதை.

உருப்படியாகப் பலித்தது ஒன்றுதான்: சிறு பைகளாகப் பிரித்து மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் ஃப்ரீசர். அரிசி மணிக்குள் இருக்கும் முட்டையும் செத்துவிடும். ஆனால் எங்கள் ஃப்ரீசர் சின்னது, பாதி மாமியாரின் மீனுக்கே போய்விடுகிறது. போரிக் பவுடர் யோசனை மட்டும் வேண்டாம், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஃப்ரீசரும் மருந்தும் இல்லாமல், இந்த ஊர் ஈரப்பதத்தில் 10 கிலோ அரிசியை இரண்டு மாதம் வண்டில்லாமல் வைத்திருப்பவர்கள், எதில், எப்படி வைக்கிறீர்கள்?