கொடைக்கானல், நீலகிரியில் நீங்கள் பழகிய மிஷனரிகள்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

செண்பகனூர்க்காரன்:

மிஷனரி என்றதும் ஒன்று தெய்வமாக்கிவிடுகிறோம், இல்லாவிட்டால் மதம் மாற்ற வந்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கூட இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

கொடைக்கானலில் ஓர் அமெரிக்க மிஷனரி பங்களாவில் என் அப்பாதான் சமையல். துரைசானியம்மா பேசுவது அசல் மதுரைத் தமிழ். கோபம் வந்தால் "என்னய்யா இது அநியாயமா இருக்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், காசைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் அசையமாட்டார். நம் ஊர்ச் சந்தையோ ஞாயிற்றுக்கிழமை! அதனால் திங்கட்கிழமை மிச்சம்மீதி பீன்ஸையும் முட்டைக்கோஸையும் கடையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அதுதான் பொறுக்காது.

அவர் கணவர், நாங்கள் ஐயா என்போம், மதுரைக்குத் தெற்கே கிராமங்களில் ஊழியம் செய்தார். ஏப்ரல், மே மாதங்களில்தான் இருவரும் மேலே வருவார்கள். பிள்ளைகள் இங்கேயே போர்டிங்கில். குளிர்காலத்தில்தான் பள்ளிக்கு நீண்ட விடுமுறை, அப்போது பிள்ளைகள் கீழே இறங்குவார்கள். வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் கடிதம்தான்.

சீசன் முடியும் வாரத்தில் துரைசானியம்மா முன் வராந்தாவில் உட்கார்ந்து பிள்ளைகளின் துணியில் பெயர் நாடா தைப்பார். சட்டை, ஸ்வெட்டர், காலுறைகூட விடமாட்டார், ஒவ்வொரு காலுறைக்கும் தனித்தனியாக ஒரு துண்டு நாடா. நாள் முழுக்கப் பேசுகிறவர் அந்த வாரம் வாயைத் திறக்கமாட்டார். கடைசிப் பையனுக்கு அப்போது ஏழு வயதுதான் இருக்கும். அம்மாவும் ஐயாவும் கீழே போக பஸ் ஏறும் நாளில் அவன் அழவில்லை, எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

முன்காலத்தில் இதைவிட மோசம். 1834-இல் மதுரையில் மிஷனைத் தொடங்கியவர்கள் வெயிலிலும் காய்ச்சலிலும் அவதிப்பட்டு முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். படிக்கிற வயது வந்த பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்த பெற்றோர் உண்டு. 1901-இல் ஹைகிளர்க் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில் பள்ளி வந்ததே அந்தப் பிரிவைத் தவிர்க்கத்தான். இப்போதைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். ஊழியத்துக்கு வந்தது பெற்றோர், விலை கொடுத்தது பிள்ளைகள். என் கணக்கு இதுதான்.

பெரியகுளத்துப் பேரன்:

இன்னொரு விலையும் இருக்கிறது சார். 1914 வாக்கில் மலைச்சாலை வரும்வரை அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மேலே செண்பகனூர் வரை செங்குத்தான நடைபாதைதான். துரைமார், துரைசானிமார், குழந்தைகள், ட்ரங்குப் பெட்டி, மாவு மூட்டை எல்லாவற்றையும் சுமந்தது எங்கள் பக்கத்து ஆட்கள். எங்கள் குடும்பத்திலும் சுமந்தவர்கள் உண்டு என்று சொல்லக் கேள்வி. பழைய அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மிஷனரிகளின் பெயரைப் படிக்கலாம். எங்கள் ஆட்களின் பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

கேத்தி:

நான் படகர். இங்கே நீலகிரியில் 1846-லேயே பாசல் மிஷன் வந்துவிட்டது, ஜெர்மன்காரர்களும் சுவிஸ்காரர்களும். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு வருஷம் பேசிப் பேசி ஒரு ஆள்! எங்கள் பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் எங்கள் ஊர்) நடந்து வந்தவர்கள் மேல் மரியாதையும் இருந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் மிஷனரிகளைப் பிரிட்டிஷார் எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்து, அப்புறம் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். சில வருஷம் முன்பு ஒரு ஜெர்மன் தம்பதி பூட்டன் வாழ்ந்த வீட்டைத் தேடி வந்தார்கள். எங்களால் காட்ட முடிந்தது சர்ச்சை மட்டும்தான். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வேலூர் நர்ஸ் மகள்:

அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரை விட்டுவிட்டீர்களே! 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், வேலூர் மருத்துவமனையை உருவாக்கியவர். 1960 மே மாதம் காலமானது கொடைக்கானலில், அவருடைய ஹில்டாப் பங்களாவில். அவருக்கு அமெரிக்காதான் வெளிநாடு என்று அம்மா சொல்வார். செண்பகனூர் அண்ணா, உங்கள் துரைசானியம்மா கடைசியில் இங்கேயே இருந்துவிட்டாரா?

செண்பகனூர்க்காரன்:

இல்லைம்மா. ஐயாவுக்கு ஓய்வு வயது வந்ததும் கிளம்பிவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தவர்களுக்கு அங்கே சொந்த வீடுகூட இல்லை, மகள் வீட்டுக்குத்தான் போனார்கள். மேஜை, நாற்காலி, கம்பளி எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி வராந்தாவில் விற்றார்கள். அவர்களுக்கு மிஷன் பென்ஷன் இருந்தது. அப்பாவுக்குக் கிடைத்தது விறகு அடுப்பும், தட்டச்சு செய்த ஒரு சிபாரிசுக் கடிதமும். நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இருபது வருஷம் சமைத்தவருக்கு அது போதுமா என்று எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. அப்பாவுக்கு இல்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு ஹோட்டலுக்குப் போனார். முதலாளி அதைப் பிரிக்கவே இல்லையாம். "ஆப்பிள் பை போடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாராம்.