மழையில் எடுத்த எஸ்.பி.டி. அளவை நம்பலாமா?

சைட்_பொறியாளர்:
பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளமும் இரண்டு மாடியும். நவம்பர் மழையிலேயே மண் சோதனைத் துளை (போர்) போட்டு எஸ்.பி.டி. (சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனை) எடுத்தாச்சு. 3 மீட்டர் வரை கருங்களி, என்-வேல்யூ (ஸ்பூன் எனும் மாதிரிக் குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி) 4. அதற்குக் கீழே வண்டல் கலந்த நுண்மணல், 4.5 மீட்டரில் 22, 6 மீட்டரில் 7. தண்ணீர் 0.6 மீட்டரில் நிற்கிறது. மண் ஊறியிருப்பதால் குறைத்துக் காட்டுகிறது, கோடையில் மறுபடி எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எடுக்கலாமா?

கரிசல்மண்:
தாங்குதிறனுக்காக என்றால் வேண்டாம் சார். கோடையில் காய்ந்த களி கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி ஃபுட்டிங்கை (தூணின் அஸ்திவார அடிப்பாகத்தை) சுருக்கினால் அடுத்த ஐப்பசியில் இறங்கும்.

எனக்கு உறுத்துவது அந்த 7. பெய்லர் (துளையிலிருந்து மண்ணை அள்ளும் குழாய்) போட்டு அள்ளும்போது போருக்குள் இருக்கும் தண்ணீர் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், அடிமணல் கொதிப்பதுபோல் பொங்கி மேலே ஏறும். பிறகு அந்த இளகிய மணலில்தான் ஸ்பூன் இறங்கும். ராடு இறக்கும் முன் துளையை டேப் விட்டு அளந்தார்களா? 6 மீட்டர் தோண்டிய இடத்தில் டேப் 5.7 காட்டினால் 30 செ.மீ. மணல் ஏறியிருக்கிறது, அந்த அளவைத் தள்ளிவிடுங்கள். போரில் தண்ணீரோ பென்டோனைட் களிக்குழம்போ வாய்வரை நிரம்பியே இருக்க வேண்டும், கருவியை மெதுவாக உருவ வேண்டும்.

நீர்மட்டம்_பார்:
22-ஐயும் திருத்தணும். 0.6 மீட்டரில் தண்ணீர் என்றால் 4.5 மீட்டரில் மண்ணின் நிகர அழுத்தம் ச.மீ.க்குச் சுமார் 4 டன், அதற்கான திருத்தக் காரணி 1.3, ஆக 22 × 1.3 = 28.6. நீரில் மூழ்கிய நுண்மணல் அடி விழும்போது தற்காலிகமாக இறுகிக்கொள்ளும். அதனால் ஐ.எஸ். 2131 (எஸ்.பி.டி.க்கான இந்தியத் தரநிலை) படி 15-ஐ மிஞ்சியதில் பாதிதான் கணக்கு: 15 + 6.8, கிட்டத்தட்ட 22. இந்த ஆழத்தில் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டது. ஆழம் கூடக்கூட முதல் திருத்தம் சுருங்கும், இரண்டாவது சுருங்காது. ரிப்போர்ட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள்.

அந்த 0.6 மீட்டர் மேலே தேங்கிய மழைநீர் வடிந்ததாகவும் இருக்கலாம். போர் வாயைச் சுற்றி வரப்பு கட்டி, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை இறக்கி, 24 மணி நேரம் கழித்து அளங்கள்; களியில் ஊற இன்னும் நாளாகும். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) போடுவதாக இருந்தால் இந்த அளவு முக்கியம். சம்பின் அடித்தளத்துக்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் நின்றாலே ச.மீ.க்கு 1 டன் மேலே தள்ளும், 15 செ.மீ. கான்கிரீட்டின் எடை 0.375 டன்தான்.

கரிசல்மண்:
ஒன்று விட்டுப்போச்சு. அஸ்திவாரம் களியிலேயே உட்காருவதாக இருந்தால் கோடையில் ஒரு குழி அவசியம். ஏற்கெனவே தண்ணீர் குடித்த களி, சோதனையில் அதிகம் வீங்காது. வீக்க அழுத்தம் குறைத்தே தெரியும். 1.5 மீட்டரில் மண் மாதிரியைக் கலையாமல் குழாயில் எடுத்து, குழாயின் இரு முனையையும் மெழுகால் அடைத்து அனுப்புங்கள். ஃப்ரீ ஸ்வெல் (மண் தடையின்றி எவ்வளவு வீங்கும் என்ற சோதனை) மட்டும் இப்போதே செய்யலாம், அதற்கு அடுப்பில் உலர்த்திய மண்தான் எடுப்பார்கள்: 425 மைக்ரானில் சலித்து, 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் வைப்பார்கள்.

சைட்_பொறியாளர்:
டேப் அளவு குறிப்பில் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு போர் போட்டு 6 மீட்டர் அளவை மறுபடி எடுக்கச் சொல்கிறேன்.