பாலாற்றுக் கரைக்காரர்கள் பார்த்த பாசிகள்

சத்துவாச்சாரி, தாவரவியல் ஆசிரியர்:

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருவான்மியூரில் அக்கா வீட்டில் இருந்தோம். சாப்பிட்டு முடித்த நேரம், அக்கா மகன் மூச்சிரைக்க வந்து, "மாமா, கடல் நீலமா எரியுது, வாங்க" என்றான். போய்ப் பார்த்தால் அலை உடைகிற இடமெல்லாம் நீல வெளிச்சம். ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றிப் பொறி பறக்கிறது. ஊரே கரையில் நின்றது. என் மகள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்துக்குக் கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. அதைத்தான் இன்று வரை யோசிக்கிறேன். வகுப்பில் பாசியைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன், அது என்ன பாசி என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மறுநாள் வேலூருக்குக் கொண்டு வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தபோது, வேகவைத்த ஜவ்வரிசியை மிகப் பொடியாக்கிப் போட்டது போல மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. பள்ளி நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் ஒரு பலூன், ஒரு பக்கம் மடிப்பு, அங்கிருந்து ஒரு வால். நாக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிர். ஒரே செல்தான், ஆனால் 2 மில்லிமீட்டர் வரை வளரக்கூடியது. நம் பக்கத்துக் கடல்களில் பெருகும் வகைக்குள் பச்சை நிற நுண்பாசிகள் குடியிருக்கும். அதனால்தான் இரவில் நீலமாக ஒளிர்கிற அதே கடல் பகலில் பச்சைக் குழம்பாகத் தெரிகிறது.

அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில், மண்டபம் பாம்பன் பக்கம், இதே உயிர் பெருகி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். இது நரம்பைத் தாக்கும் விஷம் எதையும் சுரப்பதில்லை. தனக்குள் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கிறது, கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. பாறை இடுக்கை விட்டு நகராத மீன்களுக்குத் தப்பிக்க வழி இல்லை. சென்னையில் நாங்கள் வேடிக்கை பார்த்தது இதைத்தான்.

நம் பக்கம் கடல் இல்லைதான். ஆனால் ஏரியும் குளமும் கிணறும் இருக்கின்றன. கடலிலோ ஏரியிலோ சந்தேகமான பாசியைப் பார்த்தவர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

காவேரிப்பாக்கம், ஆடு வளர்ப்பவர்:

சார், நான் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஏரி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் உள்வாங்கி நடுவில் குட்டைகளாக நிற்கும். இரண்டு வருடம் முன்பு சித்திரையில் அப்படி ஒரு குட்டையில் காற்று ஒதுக்கும் மூலை முழுக்கப் பச்சை பெயிண்ட் கொட்டினது போல இருந்தது. கரையில் காய்ந்த இடம் நீலம் கலந்த வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. எங்கள் ஆயா முதல் நாளே சொன்னது, "அந்தப் பக்கம் ஓட்டாதடா, தண்ணி கெட்டுப்போச்சு, தெளிஞ்ச பக்கமா காட்டு" என்று. ஆடு சொன்ன பேச்சு கேட்குமா? நாலு ஆடு அங்கே வாய் வைத்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் இரண்டு ஆடு கால் தள்ளாடிக் கீழே விழுந்தன. வாயில் நுரை. ஒன்று இரவிலேயே போய்விட்டது, இன்னொன்று விடியற்காலை. குட்டி ஈன்று பத்து நாள் ஆன ஆடு அது. வந்த கால்நடை மருத்துவர் பூச்சிமருந்து கலந்த தண்ணீரைக் குடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மருந்து அடிக்கிற பயிரே அப்போது இல்லை சார். அது பாசிதானா?

சத்துவாச்சாரி, தாவரவியல் ஆசிரியர்:

தண்ணீரைப் பார்க்காமல் அதுதான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் ஒவ்வொன்றும் நீலப்பச்சைப் பாசியைத்தான் காட்டுகிறது. பெயரில் பாசி என்று இருந்தாலும் அது உண்மையில் பாக்டீரியா வகை. மைக்ரோசிஸ்டிஸ் என்பது அதில் ஒன்று. வெயில், தேங்கின தண்ணீர், உரமும் சாக்கடையும் கொண்டு வரும் பாஸ்பரஸ், இந்த மூன்றும் சேர்ந்தால் பெருகும். காற்று அதை ஒரு மூலைக்குத் தள்ளிச் சேர்த்துவிடும், அந்த மூலையில்தான் ஆபத்து அதிகம். காய்ந்த பொருக்கில் தெரிந்த நீலம், செல் உடைந்து வெளிவரும் நிறமி. சிலவற்றின் விஷம் கல்லீரலைத் தாக்கும், சிலவற்றின் விஷம் நரம்பைத் தாக்கி ஒரு சில மணி நேரத்திலேயே உயிரை எடுக்கும். உங்கள் ஆயா கண்ணால் பார்த்தே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஆற்காடு, கல்பாக்கம் பக்கம் வேலை பார்த்தவர்:

நம் பாலாறு கடலில் சேரும் வயலூர் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1981இல் அங்கே மட்டி என்ற சிப்பியைச் சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். கடலில் விஷப்பாசி இருந்தால் அந்த விஷம் அதன் சதையில் சேர்ந்துவிடும், மட்டிக்கு ஒன்றும் ஆகாது. சாப்பிட்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரமரக்கும், அப்புறம் விரல் நுனி, முற்றினால் மூச்சு விடும் தசையே நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது, மூச்சுக் கருவி வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. எனக்கு இதைச் சொன்ன பெரியவர், கடல் நிறம் மாறின நாளில் வீட்டில் மட்டி சமைக்க விடவே மாட்டார்.

குடியாத்தம், இல்லத்தரசி:

எங்கள் தெருக் கிணற்றில் மேலாகப் பச்சை படர்ந்திருக்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? மயில்துத்தம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

சத்துவாச்சாரி, தாவரவியல் ஆசிரியர்:

இரண்டும் வேண்டாம் அம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நீலப்பச்சைப் பாசியின் விஷம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் கூடத்தான் செய்யும். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், பாசியைக் கொல்லும், ஆனால் செத்த செல் உடைந்து உள்ளே இருந்த விஷமெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கும்.

முதலில் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடி போல இழை இழையாகத் தொங்கினால் சாதாரண இழைப்பாசி. குட்டி இலையும் வேரும் இருந்தால் அது பாசியே இல்லை, மிதக்கும் செடி. குச்சி பெயிண்டில் தோய்த்தது போல வந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் கையுறை போட்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, ஆட்டாமல் ஒரு இரவு வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் வேறு பாசி. மேலே ஏறி வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சையாக இருக்கக்கூடும், ஏனென்றால் அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு. இது சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். விஷம் இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதுவரை குடிக்கவோ சமைக்கவோ அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

காவேரிப்பாக்கத்துத் தம்பி, இந்த வருடமும் தண்ணீர் உள்வாங்கியிருக்கும். மதகு ஓரம் ஒரு பாட்டில், அந்த மூலையில் ஒரு பாட்டில் பிடித்து நிழலில் வையுங்கள். ஞாயிறு காலை நுண்ணோக்கியோடு வருகிறேன்.

காவேரிப்பாக்கம், ஆடு வளர்ப்பவர்:

வாங்க சார். ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் எந்தக் குட்டை, எந்த மூலை என்று அதற்குத்தான் தெரியும். கூட்டிக்கொண்டு வருகிறேன்.