3க்கு வயிறு இருக்கு, 7க்கு இல்லை

மழைக்கால அம்மா
இரண்டு நாளாக மனசை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். முதல் வகுப்பு வீட்டுப்பாடம், அதே சாயங்காலச் சண்டை, உங்களுக்குத் தெரியாததில்லை. "7க்கும் 3க்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். பையன் இரண்டு எண்களையும் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "3க்கு வயிறு இருக்கு, 7க்கு இல்லை" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்துக் கத்திவிட்டேன். பென்சிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான் பாருங்கள், அந்த முகம்தான் இன்னும் போகவில்லை. அன்று காலையில்தான் இருவரும் உட்கார்ந்து ஒரு படத்தில் ஆறு வித்தியாசம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

கட்டெறும்பு
இதாவது பரவாயில்லை. 4ஐயும் 2ஐயும் "பெருக்கு" என்றேன், என் மகள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். பேசாமல் "வித்தியாசம்" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அதிகம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல், இப்படி ஒரு சூத்திரமாகச் சொல்லிக் கொடுத்தால் முடிந்தது.

சாக்பீஸ் தூசி
துடைப்பக் கதையை நம்புகிறேன், சூத்திரத்தை மட்டும் தயவுசெய்து வேண்டாம். வகுப்பில் அதன் விளைவைப் பார்ப்பது நான். "உன்னிடம் 8 பென்சில். அது தங்கையிடம் இருப்பதைவிட 3 அதிகம். தங்கையிடம் எத்தனை?" என்று கேட்டேன். "அதிகம்" காதில் விழுந்ததுமே ஒரு பையன் 11 என்று எழுதிவிட்டான். அண்ணனைவிடத் தங்கையிடம் கூடுதலாக எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை, சொல்லைப் பிடித்தான், கூட்டினான். வீட்டில் அப்படித்தான் சொல்லித் தந்தார்களாம்.

முதலில் எழுதியவருக்கு: மேலே 7 பொத்தான், கீழே 3 பொத்தான், ஒன்றுக்கு நேராக ஒன்றாக அடுக்குங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருக்கட்டும், கீழ் வரிசையைப் பரப்பி வைத்தால் நீளத்தைப் பார்த்து அதுதான் நிறைய என்பார்கள். ஜோடி இல்லாமல் நிற்கும் நாலை விரலால் மூடி, "இந்த நாலுதான் வித்தியாசம்" என்று அப்போதே சொல்லுங்கள். அப்புறம் அதையே திருப்பி, "கீழே எத்தனை குறைவு?" என்று கேளுங்கள். "அதிகம்" பிடிபடும் வேகத்தில் "குறைவு" பிடிபடாது, வீட்டில் நாம் எல்லாவற்றுக்கும் "இன்னும் வேணுமா" என்றே கேட்டுப் பழகியவர்கள். விலைச்சீட்டு மாதிரி நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

திண்ணைத் தாத்தா
எனக்கு நடந்தது வேறு. பேத்தி எண்பத்தொன்பது வரை ஓடி வந்து "எண்பத்துப் பத்து" என்றாள். "தொண்ணூறு" என்று திருத்தினேன். நோட்டில் 100 என்று எழுதினாள், அடுத்து 101. இருபதிலிருந்து எண்பது வரை எல்லாம் "பது" என்று முடிய, இதில் மட்டும் நூறு கேட்கிறதே, அவள் எழுதியதில் என்ன தப்பு? "இதுக்கே நூறுன்னா, நிஜ நூறுக்கு என்ன தாத்தா பேரு?" என்று கேட்டாள். அறுபது வருஷமாக நானும் சொல்லி வருகிறேன், ஒரு நாள் கூட எனக்கு அது தோன்றியதில்லை. தொள்ளாயிரம் வரும்போது ஆயிரத்துக்கும் இதே கேள்வி இருக்கிறது, அதற்குள் ஏதாவது யோசித்து வைக்க வேண்டும்.

அரைத்தூக்கம்
டீச்சர், அவர் கேட்டது ஆறுதல், பாடத்திட்டம் இல்லை. என் பங்குக்கு ஒன்று. "நாலு கால் சேர்ந்தால் என்ன?" என்றேன். "ஒரு மேசை." சரி, முக்கால்? "ஒரு கால் உடைஞ்ச மேசை." மார்க் போடுவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாக்பீஸ் தூசி
போடுங்கள். முழு மார்க்.

மழைக்கால அம்மா
பொத்தான் அடுக்கிப் பார்த்தேன். "நாலு" என்று உடனே சொல்லிவிட்டான். பொத்தான்களை டப்பாவில் போட்டுக்கொண்டே, "ஆனா அந்த வயிறும் வித்தியாசம்தானேம்மா?" என்றான். ஆமாம்டா என்றேன்.