தாத்தாவின் ரைபிளைச் சுத்தம் செய்த பிறகு குறி சிதறுகிறது: குழலைக் கெடுத்துவிட்டேனா?

கேள்வி: உசிலம்பட்டிவாசி

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா வைத்திருந்த .22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள் இப்போது என் பெயரிலான உரிமத்தில் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட பிர்னோ இரண்டாம் மாடல் அது. ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கரடுகளில் முயலுக்கும் கௌதாரிக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை உறையில் போட்டுவிட்டார். நான் வேட்டைக்குச் செல்பவன் அல்லன். மதுரையில் உள்ள சுடுதளத்தில், 50 மீட்டர் தூரத்தில் வைத்த அட்டையில் சுடுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன்.

2024 மக்களவைத் தேர்தலையொட்டி ஒப்படைத்திருந்த ரைபிள் என் கைக்குத் திரும்பியபோது, குழல் வாயருகே செம்பழுப்பாகத் துருப் படர்ந்திருந்தது. பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை. மூன்று துண்டாகத் திருகிப் பூட்டும் இரும்புக் கம்பியில் பிரஷ்ஷை மாட்டி, குழல் வாய் வழியாகவே நாற்பது ஐம்பது முறை தேய்த்தேன். குழல் பொருந்தியிருக்கும் மரக் கட்டையையும் கழற்றி அடிப்புறத்தைத் துடைத்து, கடைசியாக எண்ணெய் தோய்த்த துணியைக் குழலுக்குள் விட்டெடுத்துப் பூட்டி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுட்டபோது அதிர்ந்துபோனேன். முன்பு ஐந்து குண்டுகளையும் 25 மில்லிமீட்டருக்குள் போட்ட ரைபிள், அன்று 60 மி.மீ. அளவுக்குச் சிதறியது, முதல் இரண்டு குண்டுகள் வலப்புறம் கீழே தனியாகப் போய் விழுந்தன. இருபது தோட்டா சுட்ட பிறகு 40 மி.மீ. அளவுக்கு ஒடுங்கியது, அதற்கு மேல் ஒடுங்கவில்லை. உடன் சுடுபவர்களில் ஒருவர் .22 குழலைத் துடைக்கவே கூடாது என்கிறார். இன்னொருவர் சுடும் ஒவ்வொரு நாளும் பிரஷ் போட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி 1: ஐம்பது மீட்டர்

நண்பரே, உங்கள் ரைபிளில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் கலந்து கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

60 மி.மீ. சிதறல் இருபது தோட்டாவில் 40 ஆக ஒடுங்கியது என்கிறீர்களே, அந்தப் பகுதி இயல்பானது. .22 குண்டு ஈயத்தால் ஆனது. பெரும்பாலும் அதன் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். ஒவ்வொரு குண்டும் குழலின் புரிகளில் (குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிப்பள்ளங்களில்) அந்தப் பூச்சின் மெல்லிய படலத்தை விட்டுச் செல்கிறது. சில தோட்டாக்களுக்குப் பிறகு, படிவதும் அடித்துச் செல்லப்படுவதும் சமநிலைக்கு வருகின்றன. குழல் சீராகச் சுடத் தொடங்குவது அப்போதுதான். நீங்கள் அந்தப் படலத்தை முழுவதுமாக உரித்து எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எண்ணெயையும் விட்டுவிட்டீர்கள். எண்ணெய் ஈரத்தின் மேல் வழுக்கிச் செல்லும் குண்டும், உலர்ந்த குழலில் செல்லும் குண்டும் ஒரே இடத்தில் விழா. ஆகவே சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை இரண்டு முறை விட்டெடுங்கள். பிறகு பத்து முதல் இருபது தோட்டா வரை கணக்கில் சேராத அட்டையில் சுட்டுக் குழலைப் பழக்குங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும் இதே கதைதான், ஏனெனில் பூச்சு மாறிவிடுகிறது.

மிச்சமிருக்கும் 40 மி.மீ. பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான் என்னும்போது, 25-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் சிறியதன்று. எனக்கு இரண்டின் மேல் சந்தேகம். ஒன்று, கட்டையைப் பிணைக்கும் திருகுகள். கழற்றிய பிறகு முன்பிருந்த அதே இறுக்கத்தில் பூட்டவில்லை என்றால், சுடும்போது குழல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அதிரும். சுத்தம் செய்ததன் மேல் விழும் பழிகளில் பாதி உண்மையில் இந்தத் திருகுகளுடையது என்பது என் அனுபவம்.

மற்றொன்று குழல் வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ பிசிறு இருந்தாலோ, குண்டுக்குப் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டை லேசாகத் தள்ளிவிடும். துண்டுக் கம்பி வளையும். வளைந்தால் அதன் இணைப்பு முனைகள் விளிம்பில் உரசும். அதனால்தான் வாய் வழியாகக் கம்பி விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். உங்கள் மாடலில் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் தண்டை) பின்புறமாக உருவிவிடலாம். தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பின்னாலிருந்து ஒரே துண்டான கம்பியை விடுங்கள். பிரஷ் முழுவதும் வெளியே வந்த பிறகே திருப்பி இழுங்கள். விளிம்பைச் சோதிக்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை அதன் மேல் சுற்றிலும் தடவினால் போதும். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்டால், .22-க்கு நான் நாள் கணக்கு வைப்பதில்லை. சுட்ட அன்று உலர்ந்த துணி ஒன்றை விடுவேன். குரூப், அதாவது ஒரு சுற்றில் குண்டுகள் விழும் பரப்பு, விரியத் தொடங்கினால் மட்டும் கரைப்பானும் பிரஷ்ஷும். தோட்டா அமரும் அறையை மட்டும் அடிக்கடி பார்ப்பேன், அதன் முன்னால் கரியும் மெழுகும் வளையமாக இறுகிவிடும் என்பதால். இன்னொன்று: ஒரே ஒரு ஐந்து குண்டுக் குரூப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்து குரூப் சுட்டுச் சராசரி பாருங்கள்.

மறுமொழி 2: கல்லுப்பட்டி பட்டாளத்தார்

தம்பி, மேலே எழுதியவர் சொன்னது .22-க்கு முற்றிலும் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பெரிய ரைபிள் வைத்திருப்பவர்களும் துடைக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பட்டாளத்தில் .303 ரைபிளில் பயிற்சி எடுத்தவன். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கேப்பில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாகக் குழலுக்குள் படியும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, நம் ஊர் ஐப்பசி மழையில் ஓரிரு நாளில் துருவாக்கிவிடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே கொதிக்கும் தண்ணீரைப் பின்னாலிருந்து ஊற்றி, சூட்டோடு சூடாக வடியவிட்டு, துணியால் துடைத்து உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் போட்டோம். பழைய தோட்டாவைச் சுடுகிற .315 ரைபிள் உரிமையாளர்கள் இன்றும் அப்படிச் செய்வதே நல்லது.

செம்பு உறை போட்ட குண்டாக இருந்தால் செம்பும் புரிகளில் அப்பும். அம்மோனியா கலந்த கரைப்பானை விட்டால் துணி நீலப் பச்சையாக வரும். கம்பி முனை பித்தளையாக இருந்தால் அதுவே துணியை நீலமாக்கி ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்கும் புல்த்ரூ கயிறு பயன்படுத்துபவர்கள் அதை நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்து இழுத்தே வாய் விளிம்பில் பள்ளம் விழுந்த ரைபிள்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3: அழகர்கோவில் சாலை

துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோல் உறையிலும் கம்பளி உறையிலும் வைத்துப் பூட்டாதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பூட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மழை மாதங்களில் அவற்றை மாற்றிவிடுகிறோம். வெளிப்புறத்தில் எண்ணெய் மெல்லிசாக இருந்தால் போதும். வழிய விட்டால் அது கட்டையில் இறங்கி மரத்தை மென்மையாக்கிவிடும். பிறகு எந்தத் திருகும் இறுக்கமாக நிற்காது.

மறுமொழி 4: உசிலம்பட்டிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பின்புறத் திருகு அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. கழற்றியது நான்தான், சரியாகப் பூட்டாததும் நான்தான். அதை இறுக்கி, உலர்ந்த துணி விட்டு, இருபது தோட்டா பழக்கச் சுட்டுவிட்டு, பழைய அதே தோட்டாவில் ஐந்து குரூப் எடுத்தேன். சராசரி 28 மி.மீ. வந்தது. முதல் குண்டு தனியாகப் போய் விழுவதும் நின்றுவிட்டது. ஆனால் பஞ்சுக் குச்சி விளிம்பின் ஓரிடத்தில் லேசாக மாட்டுகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து விளிம்பைப் புதிதாகக் கடையச் சொல்லலாமா?

மறுமொழி 5: ஐம்பது மீட்டர்

இப்போது வேண்டாம். 25-க்கும் 28-க்கும் இடையே உள்ள மூன்று மில்லிமீட்டர், சுடுபவரின் மூச்சிலேயே வந்து போகும் அளவு. கடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதுவும் தாத்தா காலத்துக் குழல். இனிமேல் பின்னாலிருந்து மட்டும் கம்பி விட்டு, அடுத்த மாதம் இதே தோட்டாவில் மறுபடி ஐந்து குரூப் சுட்டு அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். அப்போது 35-க்கு மேல் போனால் எழுதுங்கள். விளிம்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.