லாடமா, காலணாவா? ஒலியைப் பிரித்தறிய உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் சொந்தத் தென்னந்தோப்பில் பழைய காசுகளைத் தேடுகிறேன். மண்ணுக்குள் உலோகத்தைக் கண்டறியும் கருவி கேரட் ஏஸ் 300, அதிர்வெண் 8 கிலோஹெர்ட்ஸ். கரிசல் மண். தோப்பின் ஓரத்தில் முன்பு மாட்டுவண்டித் தடம் இருந்தது. தாத்தா காலத்துக் காலணாக்கள் அங்கே நிச்சயம் கிடக்கும்.

காசுக்குரிய உச்ச ஒலி கணீரென்று வருகிறது, தோண்டினால் துருப்பிடித்த லாடம்! கருவியை ஒரு திசையில் வீசினால், எந்த உலோகம் என்று திரையில் காட்டும் எண் 80ஐத் தாண்டுகிறது. குறுக்கே நின்று வீசினால் 40க்கு இறங்குகிறது, சில இடங்களில் ஒலியே இல்லை. மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்.

உணர்திறனைக் குறைத்துப் பார்த்தேன். இரும்பை ஒதுக்கும் அமைப்பையும் வைத்தேன். லாடம் அதையும் ஏமாற்றுகிறது. ஒரு காலணாவை நானே ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவாகப் புதைத்துச் சோதித்தபோது எந்தப் பக்கம் வீசினாலும் எண் அசையவில்லை. அதைவிட ஆழத்தில் எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

குறுக்கு வீச்சில் எண் தடுமாறினால் இரும்பென்று விட்டுவிடலாமா, ஆழத்தில் கிடக்கும் காசும் அப்படித் தடுமாறுமா?